சிவப்பு மட்டும் வரவில்லை

மேற்குச் சரிவை அளந்துவிட்டு அவள் இறங்கி வந்த நாளிலிருந்து மாமனார் அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்கு முன்பு அப்படியா? "சரிவைத் திரும்ப அளக்கணும் மாமா" என்று அவள் சொன்னதற்குச் சாப்பாட்டு மேஜையில் தினமும் இடி இடித்தது. "என் பையன் போன வருஷம் அளந்தது போதாதா? அவனைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?" என்று கேட்டார். அந்தப் பையன், அதாவது அவள் கணவன், வேறு ஊரில் ஒரு பாலத்துக்கு மண் சோதிக்கப் போயிருந்தான். அனுப்பி வைத்ததே மாமனார்தான்.

அவள் விடவில்லை. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே ஏறினாள். அளந்தாள், வரைந்தாள். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தபோது சரிவின் அடிவாரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கேம்மா."

அவ்வளவுதான். இடியும் இல்லை, மின்னலும் இல்லை.

சிவப்பு என்றால் நகரசபைக்கு ஒரே அர்த்தம்தான். நிற விளக்கத் தாளை அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பச்சை, பயமில்லை. மஞ்சள், கவனமாக இரு. சிவப்பு, வீட்டைக் காலி செய். இன்று பிற்பகல் சபை கூடுகிறது. வரைபடத்தை வாங்கிப் போக அங்கிருந்து ஆள் வரும். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. விடும்போதும் முழுசாக விடவில்லை.

சிவப்புக்குள் அகப்பட்ட வீடுகளில் ஒன்று அவள் நாத்தனாருடையது. மாமனார் தன் ஒரே மகளுக்குக் கொடுத்த வீடு.

மாமனார் நடத்தும் அந்த நில அளவை ஆபீஸில் வரைபவர்கள் திரையோடு சரி. அச்செடுப்பது உதவியாளர். தாள் நேராக மாமனார் மேஜைக்குப் போகும். கையெழுத்தாகி அப்படியே வெளியே போய்விடும். இந்த வாரம் உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், பின்னறையில் இருந்த அகலமான கலர் பிரிண்டரின் முன்னால் முதல்முறையாக அவளே நின்றாள்.

பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் முகத்தில் அறையும். மையின் நெடியும் ஈரத் தாளின் வாடையும் கலந்து அடித்தன. எந்திரம் தாளை இழுத்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டி, மெதுவாக வரைபடத்தைக் கக்கியது. ஓடை நீலமாக வந்தது. மேட்டுத் தோப்பு பச்சையாக வந்தது. வீடுகளின் கறுப்புக் கோடுகள் மயிரிழை பிசகாமல் வந்தன.

அடிவாரம் மஞ்சளாக வந்தது.

"சனியனே, இன்னிக்குத்தான் உனக்கு நேரம் கிடைச்சுதா?" என்று எந்திரத்தைத் திட்டினாள்.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. காரணமும் உடனே தோன்றிவிட்டது. பிரிண்டருக்குள் சிவப்பு மை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மஞ்சள் மேல் மெஜந்தா என்கிற ரோஸ் மை விழுந்தால்தான் சிவப்பு. மெஜந்தா அடைத்துக்கொண்டால் மிச்சம் நிற்பது வெறும் மஞ்சள். மழைக்காலத்தில் ஆளுக்கே மூக்கடைக்கிறது, எந்திரத்துக்கு அடைக்காதா?

சோதனைத் தாள் ஒன்றை அடித்தாள். ஒவ்வொரு மைக்கும் படிக்கட்டு மாதிரி கோடுகள் வரும். எங்காவது படி விட்டுப்போயிருந்தால் அங்கே அடைப்பு. மெஜந்தாப் படிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுகூட விடவில்லை.

நம்பாமல், மை தெளிக்கும் தலையைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். எந்திரம் உறுமி, மையைக் குடித்து, ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மஞ்சள். மைக் குப்பியைக் கழற்றிக் குலுக்கினாள், பாதிக்கு மேல் இருந்தது. தாள் வகை தவறாக இருக்குமோ என்று அதையும் மாற்றிப் பார்த்தாள். ஓடையின் நீலம்தான் கொஞ்சம் அழுத்தமானது. அடிவாரம் அசைந்துகொடுக்கவில்லை.

கைப்பேசி அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, உங்க ஊர்லயும் மழையா, இல்ல என் வீட்டு மேல மட்டும்தானா?"

ஒரே ஊர்தான். கால் மணி நேரத் தூரம். நாத்தனார் பேச்சே அப்படித்தான்.

"துணி ஒண்ணும் காயல அண்ணி. வீடு பூரா கொடி கட்டி வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் வேற வெளியூர்லருந்து நாளைக்குத்தான் வர்றார். பையனை இப்பத்தான் ஸ்கூல்ல தள்ளிட்டு வந்தேன்."

"பையன் வந்ததும் அவனையும் கூட்டிட்டு இங்க வந்துடேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா!" நாத்தனார் சிரித்தாள். "சபை சொன்னா கிளம்பறேன். அப்பா சொன்னா அந்த நிமிஷமே கிளம்பறேன். நீங்க சொன்னா மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். கோச்சுக்காதீங்க, நீங்க கொசு கடிச்சாலே டாக்டர்கிட்ட ஓடற ஆள்."

"சபை இன்னிக்குச் சொல்லிடும்."

"சொல்லட்டும். இந்தாங்க, உங்க மருமகன் போட்டோ ஒண்ணு அனுப்பறேன். புது பனியன் போட்டுக்கிட்டு என்னமா நிக்கறான் பாருங்க."

படம் வந்தது. ஆறு வயசுப் பையன், முன்பல் இரண்டும் இல்லாமல், பளீரென்ற சிவப்புப் பனியனில் நின்றிருந்தான்.

ஏதோ தோன்றி, அவள் அந்தப் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். தாள் வெளியே வந்தது. பனியன் ரத்தச் சிவப்பாக இருந்தது.

எரிச்சல் அந்த இடத்திலேயே வடிந்துபோயிற்று. மஞ்சள் வரைபடத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

மை இருக்கிறது. மெஜந்தா விழுகிறது. எந்திரத்துக்குச் சிவப்பு தெரியும். வரைபடத்தில் மட்டும்தான் அது மறந்துபோகிறது.

கணினியில் உட்கார்ந்து வரிசையாகப் பத்துக் கட்டங்கள் போட்டாள். எல்லாமே சிவப்பு. ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணுக்கே தெரியாத அளவு வித்தியாசம் வைத்தாள். நடுவில் ஒன்று மட்டும் அசல். ஆபீஸில் எல்லா அபாய வரைபடங்களுக்கும் போடுகிற அதே சிவப்பு. அச்சுக்கு அனுப்பிவிட்டு எந்திரத்தின் வாயருகே குனிந்து நின்றாள்.

ஒன்பது கட்டங்கள் சிவப்பாக வந்தன. நடுவில் இருந்தது மஞ்சள்.

பத்துப் பிள்ளைகள் ஒன்றாக வாசலுக்கு வந்து, ஒன்றை மட்டும் யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தி வேறு சட்டை மாட்டி அனுப்பிய மாதிரி இருந்தது. எந்திரம் கெட்டுப்போனால் எல்லாரையும் ஒரே மாதிரிதான் படுத்தும். ஆள் பார்த்து அடிப்பது மனுஷப் புத்தி.

பின்னறையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் எடுக்கும். முதலில் அடித்த மஞ்சள் தாளை, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முன்னறை மேஜையில் காய வைத்துவிட்டு, மாடிப்படி வளைவுக்குப் போய் பிரிண்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர். எதிர்முனையில் ஏதோ எந்திரம் தடதடத்தது.

"சொல்லுங்க மேடம். என்ன சொல்றார் உங்க யானை?"

"ஒரு சிவப்பு மட்டும் மஞ்சளா வருது. மத்த சிவப்பெல்லாம் சரியா இருக்கு."

"ஓ, அதுவா!" அவர் குரலில் ஒரு கவலையும் இல்லை. "அது கோளாறு இல்ல மேடம். நான்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தேன்."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்களா?"

"பிரிண்டர் செட்டிங்ல நிறம் மாத்தற இடம் ஒண்ணு இருக்கு. இந்த நிறம் வந்தா அதுக்குப் பதிலா அந்த நிறத்தை அடின்னு ஒரு வரி எழுதி வெச்சா, அது பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டே இருக்கும். கம்பெனிக்காரங்க முத்திரை நிறம் சரியா வரணும்னு வெச்சிருக்கற வசதி. பெரியவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். யாரோ ஒரு பார்ட்டிக்கு அந்தச் சிவப்பு கண்ணை உறுத்துதாம், மஞ்சளா கேக்கறாங்கன்னார்."

"எப்போ சொன்னார்?"

"போன வருஷம், மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னால. ஏன் மேடம், எடுத்துடணுமா? ரொம்பச் சுலபம்தான், அந்த வரியை அழிச்சா போதும்."

எங்கே போய் அழிப்பது என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். நன்றி சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

போன வருஷம். மழைக்கு முன்னால். அப்படியென்றால் அவள் கணவன் அளந்த வரைபடமும் இந்த எந்திரத்தின் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. "சரிவு மஞ்சள்லதான் இருக்கு, கவலைப்படாதே" என்று அன்றைக்கு அவன் அவளிடம் சொன்னான். திரையில் பார்த்துச் சொன்னானா, தாளில் பார்த்துச் சொன்னானா? அந்தக் கேள்வியை மேற்கொண்டு நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பின்னறைக்கு ஓடினாள். மெக்கானிக் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே, ஒரே ஒரு வரி இருந்தது. இடது பக்கம் சிவப்புப் பொட்டு, வலது பக்கம் மஞ்சள் பொட்டு, நடுவே ஒரு அம்புக்குறி. அழித்தாள். வரைபடத்தை மறுபடி அனுப்பினாள்.

இந்த முறை எந்திரம் நீலத்தையும் பச்சையையும் தாண்டி, அடிவாரத்துக்கு வந்தது. தலை ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் ஒரு விரற்கடை சிவப்பு கூடியது. ஒரு தெரு முழுகியது. அடுத்த தெரு முழுகியது. தெருக்கோடியில், தடுப்புச் சுவரை ஒட்டினாற்போல் இருந்த நாத்தனார் வீட்டுக் கூரை முழுகியது. திரையில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனாலும் தாளில் ஈரமாக அது பரவி முடியும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

தாளின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

மேஜை காலியாக இருந்தது.

மாமனார் நாற்காலியில் சாய்ந்து, பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். குடை மூலையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்தேன், தாள் ரெடியா இருந்துது. கையெழுத்துப் போட்டேன். சபை ஆள் இப்பத்தான் வாங்கிட்டுப் போனான்," என்றார். பிறகு அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "அதை எதுக்கும்மா அடிச்சே?"

"அது தப்பான தாள் மாமா."

"தாள்ல என்ன தப்பு?"

"மெக்கானிக்கிட்ட பேசிட்டேன்."

அவர் மறுப்பார், கத்துவார், குறைந்தபட்சம் முகமாவது மாறும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதும்மா. ஆனா சிவப்புன்னு அடிச்சா ஊரே வெந்துடும். அறுபது குடும்பம். மழைல மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்கே போகும்? ஒரு தடவை சிவப்புன்னு பேர் வந்துட்டா அந்த இடத்துல அப்புறம் ஒருத்தன் ஆணி அடிப்பானா? நான் பொய் சொல்லல. ஜனங்களை மிரட்டாம இருக்கேன். அவ்வளவுதான்."

"அளந்தது நான் மாமா. மண்ணு நகருது."

"உன் கருவிக்கு என்ன தெரியும்? அந்தத் தடுப்புச் சுவரை நான் நின்னு கட்டினேன். அஸ்திவாரத்துல இறங்கி முழங்கால் சேத்துல நின்னு ஒவ்வொரு கல்லா வெச்சுக் கட்டினேன். அந்தச் சுவர்ல ஒரு கீறல் காட்டு, நானே சிவப்பு அடிக்கறேன்."

"சுவர் நல்ல சுவர்தான். ஒரு கீறல்கூட இல்ல. ஆனா அது மொத்தமா சாயுது. பின்னாடி இருக்கற மண்ணு அதைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு வருது. போன வருஷம் அவர் அளந்தபோதும் அடிவாரம் சிவப்பாத்தானே இருந்துது?"

மாமனார் முதன்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார்.

"அதை அவனைக் கேளு."

அந்த மூன்று வார்த்தை அவளைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

"கேக்கறேன். முதல்ல சபைக்குப் போன் போட்டு அந்தத் தாளைத் திருப்பி வாங்குங்க."

"என் கையெழுத்தை நானே தப்புன்னு சொல்லவா?" அவர் எழுந்தார். குரல் இப்போதுதான் உயர்ந்தது. "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளை எங்கே குடி வெச்சிருக்கேன்? அந்தச் சுவருக்குக் கீழேதானே? ஊர்ல எவனும் என் சுவரைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதானே அந்த வீட்டையே அவளுக்குக் கொடுத்தேன்! பெத்த பொண்ணைத் தெரிஞ்சே எவனாவது குழியில தள்ளுவானா, சொல்லு!"

அவள் கைப்பேசியை எடுத்து நாத்தனார் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும்போதே அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்பா சொன்னா அந்த நிமிஷமே கிளம்பறேன்னு சொல்லியிருக்கா. இருன்னு சொல்றதா இருந்தாலும் நீங்களே சொல்லுங்க. நான் இனிமே பேசமாட்டேன்."

மாமனார் கைப்பேசியைப் பார்த்தார். "அண்ணி? ஹலோ?" என்று அதற்குள்ளிருந்து குரல் வந்தது. வாங்கிக் காதில் வைத்தார். ஒலி அதிகம் வைத்திருந்ததால் பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது.

"நான்தாம்மா."

"அப்பாவா! என்னப்பா அதிசயம், இந்த நேரத்துல?"

அவர் வாயைத் திறந்து மூடினார். 'அங்கேயே இரு' என்று சொல்லப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருவேளை அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் வெளியே வந்தது வேறு கேள்வி. வருஷக்கணக்கில் கட்டடங்களைப் பார்த்துப் பழகிய வாய் தானாகக் கேட்ட கேள்வி.

"வீட்டுல கதவெல்லாம் சரியா மூடுதாம்மா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! பின்கதவு முந்தா நாள்லருந்து மூடவே மாட்டேங்குது. நிலையில போய் இடிக்குது. மழைக்கு மரம் ஊதியிருக்கும், தச்சரை வரச் சொல்லணும்."

மாமனாரின் தோள் லேசாகத் தளர்ந்தது. "மரம் ஊதும். மழைல மரம் ஊதத்தான் செய்யும்," என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

"முன்கதவும் அப்படித்தாம்ப்பா. பையனை விட்டுட்டு வந்து சாத்தினதுதான், ஒரே அடியா இறுகிக்கிச்சு."

மாமனார் அசையாமல் நின்றார்.

"முன்கதவு இரும்பாச்சே," என்றார். மகளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "இரும்பு ஊதாது."

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியாமல் போனதை மருமகள் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடவுளே, நான் தப்பாக அளந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

"வெளியே வாம்மா," என்றார் மாமனார். "எதையும் எடுக்காதே. இப்பவே வா."

"என்னப்பா ஆச்சு?"

"வெளியே வான்னு சொன்னேன்!"

செருப்புச் சத்தம் கேட்டது. கதவை இழுக்கும் சத்தம், உதைக்கும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம்.

"திறக்கலப்பா. அசையவே மாட்டேங்குது. இருங்க, பின்கதவு திறந்துதானே கிடக்கு, அந்த வழியா வந்துடறேன்."

"வேண்டாம்!" மாமனார் போட்ட கத்தலில் அவள் கையில் இருந்த சிவப்பு வரைபடம் நழுவித் தரையில் விழுந்தது. "பின்பக்கம் போகாதே! சுவர்ப் பக்கம் போகாதே!"

மறுமுனையில் காலடிச் சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

"ஏம்ப்பா? நீங்க கட்டின சுவர்தானே?"

மாமனார் கைப்பேசியை மருமகளின் கையில் திணித்தார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, குடையும் இல்லாமல் செருப்பும் இல்லாமல் மழையில் இறங்கி ஓடினார்.

"அப்பா? ...அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்," என்றாள் அவள். தரையில் கிடந்த தாளை ஒரு கையால் சுருட்டிக்கொண்டே படிக்கட்டை நோக்கி ஓடினாள். சபை கூடுவதற்குள் இது அங்கே போய்ச் சேர வேண்டும். அறுபது வீடு. "முன் ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்கோ. தெருவுல போற யாரையாவது கூப்பிடு. அப்பா வர்றார்."

"சரி அண்ணி." நாத்தனாரின் குரலில் சிரிப்பு சுத்தமாகப் போயிருந்தது. ஜன்னலை நோக்கி நடக்கும் காலடிச் சத்தம் கேட்டு நின்றது. பிறகு மெல்ல, யாரையோ எழுப்பிவிடப் பயப்படுகிற மாதிரிக் கேட்டாள்:

"அண்ணி, வீட்டுக்குப் பின்னாடி யாரோ கல்லு உருட்டற மாதிரி சத்தம் கேக்குதே, அது உங்களுக்கும் கேக்குதா?"

கேட்டது.